காலி இடத்துக்குக் கீழே

"இதுவரைக்கும் கூடைப்பந்து ஆடினவங்கள்ல யாரு டாப்னு கேட்டா, நான் துண்டுக்காரனைத்தான் சார் சொல்வேன்" என்றார் பல் டாக்டர்.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த கோச்சுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிலுக்குச் சண்டை போடலாம் என்றால் வாய் காலியாக இல்லை. டாக்டரின் விரல்கள், ஒரு குட்டிக் கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய் என்று உள்ளே ஒரே கூட்டம்.

கோச் என்றால் சாதாரண ஆள் இல்லை. பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அவர் விசிலை வாயில் வைத்தாலே மைதானம் நடுங்கும். ஆனால் ஊசியைப் பார்த்துவிட்டால் அவருக்கே பயம் பிடித்துக்கொள்ளும். கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியும்கூட, இரண்டு முறை இதே நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிய வீரர் அவர்.

"இன்னிக்கு எடுக்கலைன்னா சீழ் தாடைக்கு இறங்கிடும். அப்புறம் பெரிய ஆபரேஷன்தான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டதால், மனைவிதான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். அவரை உள்ளே அனுப்புவதற்கு முன்னால் டாக்டரைத் தனியாக அழைத்து ஏதோ கிசுகிசுத்தாள். தன் பிரஷரைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று கோச் நினைத்துக்கொண்டார்.

"ஆ... ஆ..." என்றார் கோச்.

"வலிக்குதா?"

இல்லை என்று கையை ஆட்டினார். வலியா இப்போது முக்கியம்? துண்டுக்காரன்! காலம் பூராவும் பெஞ்சில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களுக்கு வியர்வை துடைக்கத் துண்டு நீட்டியவன்! அவன் முதல் இடமா?

"ஏன்னு கேக்கறீங்களா? பல்வரிசை சார்! ஒரு பல்லுகூடச் சொத்தை கிடையாது. சிரிச்சா நமக்குக் கண்ணு கூசும்."

பல்லைப் பார்த்து ரேங்க் போடும் ஓர் ஆளை கோச் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒற்றை விரலைக் காட்டினார். பிறகு இடது கையைப் படபடவென்று ஆட்டினார். இடக்கையன்தான் நம்பர் ஒன் என்று அர்த்தம்.

"பாத்ரூம் போகணுமா?"

கோச் பல்லைக் கடிக்கப் பார்த்தார். அதற்கும் வழியில்லை.

டாக்டர் கையை நீட்ட, நர்ஸ் ஊசியை எடுத்து வைத்தாள். அது ஈறுக்குள் போனதையோ, பாதி முகம் மரத்துப்போனதையோ கோச் எங்கே கவனித்தார்?

"ரெண்டாவது, கொக்கு. நல்ல உசரம். குதிக்கவே வேண்டாம், அதனால முட்டி தேயாது. மூணாவது, பீரங்கி. கொஞ்சம் எத்துப்பல்லு, அதான் ஒரு இடம் இறக்கிட்டேன். நாலாவது..." டாக்டர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். "நாலாவது இடம் காலியா இருக்கட்டும். அதுக்குத் தகுதியான ஆளு இன்னும் பொறக்கலை. அஞ்சாவது, போனாப் போகுதுன்னு இடக்கையன்."

கோச்சுக்கு ரத்தம் தலைக்கேறியது. இடக்கையன்! மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கியபோதும், கடைசி நொடியில் பந்தைக் கூடையில் போட்டு, ஆட்டத்தையே திருப்பிய மகாராசன்! அவன் ஐந்தாவதா? அதுவும் ஆளே இல்லாத ஒரு காலி இடத்துக்குக் கீழேயா?

"ஆஆஆ!" என்று நாற்காலியை விட்டு எம்பினார்.

தட்டில் 'டங்' என்று ஏதோ விழுந்தது.

"அவ்ளோதான், பல் வந்துடுச்சு. பஞ்சைக் கடிச்சுக்குங்க. முடிஞ்சுது."

"என்னழு முழிஞ்ழுது? பேச்சு இன்னும் முழியலை!" என்று மரத்த உதட்டோடு கோச் எகிறினார். அதற்குள் டாக்டர் கை கழுவப் போய்விட்டார். நர்ஸ் கோச்சைத் தள்ளாத குறையாக வெளியே கொண்டுவந்து விட்டாள்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று ஓடி வந்தாள் மனைவி.

"வழியா? அந்த ஆழு பண்ண அநியாயத்தைக் கேளு! துண்டுக்காரன் மொதல்ழயாம்! இடக்கையன்..." என்று ஆரம்பித்தவர், அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டார். இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவர் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தும்போதெல்லாம், துணி மடித்தபடியே 'ம்' கொட்டுகிறவள். ஒருநாள் பாதிப் பேச்சில் எழுந்து போய் மிக்ஸியைப் போட்டவள்.

"உனக்கு எங்கே தெரியப்போகுழு" என்றார் வெறுப்போடு.

"சரி, நீங்க வண்டிக்குப் போங்க. நான் மருந்துச் சீட்டை வாங்கிட்டு வந்துடறேன்."

கோச் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். பாதியில் சட்டென்று நின்றார். துண்டுக்காரன், கொக்கு, பீரங்கி... இந்தப் பெயர்களை எந்தப் பேப்பரும் போட்டதில்லையே! எல்லாம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவரே வைத்த பட்டப்பெயர்கள். இந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?

கேட்டுவிடுவது என்று திரும்பி வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டாக்டரின் குரல்.

"நீங்க சொல்லிக்கொடுத்த வரிசைப்படியே சொல்லிட்டேம்மா. நாலாவது பேரு மட்டும் மறந்துபோச்சு. காரணமும் தெரியலையா, எனக்குத் தெரிஞ்சது பல்லுதானே, அதையே அடிச்சுவிட்டேன். ஆமா, ஒரு சந்தேகம். அந்தப் பந்தைக் கையால போடுவாங்களா, காலால உதைப்பாங்களா?"

"கையாலதான் டாக்டர்" என்று மனைவி சிரித்தாள். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம். உங்களைத் திட்டினாரே தவிர, வலின்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா இடக்கையனை அஞ்சாவதா வைங்கன்னு சொன்னேன் பாருங்க, எனக்கே மனசு கேக்கலை டாக்டர்."