வழி விடுங்கோ

அரியாலை மாட்டுக்கொட்டிலின் கிடுகுக் கூரையின் ஓட்டைகளால் வெயில் சிவப்பியின் முதுகில் புள்ளி புள்ளியாக விழுகிறது. கால்நடை மருத்துவர் நிரோஜாவின் இடது கை, தோள்வரை நீண்ட கையுறையோடு, அந்தச் சின்ன நாட்டுப்பசுவின் உள்ளே இருக்கிறது. இடுப்பெலும்பு அவள் கையையே நெரிக்கிறது. சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் ஊற்றிய இளஞ்சூட்டுத் தண்ணீரில், மெல்லிய குழாய்க்குள், சிவப்பியின் கருப்பையில் வைக்கவேண்டிய பெரிய சீமை இனத்துக் கரு ஒன்று உறைவு கலைந்து கிடக்கிறது. “கெதியா வையும் பிள்ளை. உருகினதைத் திருப்பி உறைய வைக்கேலாது,” என்று அவசரப்படுத்துகிறார் ஆய்வுத் தலைவர் துரைராஜா. “போன வருசம் பக்கத்து வளவு மாட்டுக்கும் உந்த இனத்துக் கருவைத்தான் வைச்சம், சேர். வயித்துக்குள்ளை கண்டு பெருத்து, வெளியிலை வரேலாமல் தாயும் செத்தது.” “ஆராய்ச்சி எண்டால் உப்பிடித்தான். மாட்டுக்காரி பாலேஸ்வரி ஓம் எண்டிட்டா.” “ஓம் எண்டது அவ. இடுப்பு இவளின்ரை.” துரைராஜாவின் குரல் தணிகிறது: “உம்மடை ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நான்தான் கையெழுத்து வைக்கோணும்.” நிரோஜா கையை மெல்ல வெளியே எடுக்கிறாள். கையுறையிலிருந்து சாணிநீர் சொட்டுகிறது. மூடித் தண்ணீரைக் குழாயோடு சாணிக்குவியலில் கவிழ்க்கிறாள். பிறகு கட்டையில் இறுக்கியிருந்த கயிற்றை அவிழ்க்கிறாள். வாசலில் துரைராஜா நிற்கிறார். சிவப்பி தலையைச் சிலுப்பி அவரை நோக்கி நடக்கிறது. “வழி விடுங்கோ, சேர். அவள் வெளியிலை போகப்போறாள்.”