பின்னறையில் நெட் இல்லை

“உங்க போனைக் கொடுங்க.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டியபடி நின்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா அவளைத் தனியே இழுத்துப் போய், “எதை வேணா கேளு. புருஷன் போனை மட்டும் கேட்டுடாதே, அதோட நிம்மதி போயிடும்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா பேச்சை மீறுவது அவளுக்குப் புதிதில்லை. கல்லூரிக்குப் போகாதே என்றதை மீறித்தான் அந்தக் குடும்பத்துக்கு முதல் பட்டமே வந்தது.

சோபாவில் சாய்ந்திருந்த கணவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“என்ன, இன்னைக்கும் நெட் போயிடுச்சா? விடு டாப்பர். உனக்கும் இன்டர்வியூவுக்கும் ராசியே இல்ல.”

இருவரும் ஒரே வகுப்பு. நான்கு வருடமும் அவள் முதல், அவன் இரண்டாவது. கல்யாணமான பிறகும் அவளை அவன் டாப்பர் என்றுதான் கூப்பிட்டான். வந்தவர்கள் சிரிப்பார்கள், அவனும் கூடவே சிரிப்பான். மனைவி பாத்திரம் கழுவும்போது கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பான்.

எந்த வெப்சைட் எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தது என்று பார்த்துச் சொல்வது அவன் உத்தியோகம். வீட்டில் பல்பு, மின்விசிறி, வாசல் மணி எல்லாமே அவன் போன் சொன்னால்தான் கேட்கும். செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காத வீடு அது. எதற்கும் நெட்டைத்தான் நம்ப வேண்டும்.

அவளுடைய முதல் இரண்டு இன்டர்வியூவும் பாதியிலேயே அறுந்தன. அந்த இரண்டு நாளும் அவள் நெட் பெட்டியைத் தட்டினாள், உலுக்கினாள், கடைசியில் பின்னறையில் உட்கார்ந்து அழுதாள். அவன்தான் தலையைத் தடவிக்கொடுத்து, நெட் கம்பெனிக்காரனை அவளுக்காகத் திட்டித் தீர்த்தான்.

இன்று காலை, “கடைசி ரவுண்டு” என்று சொல்லிவிட்டு லேப்டாப்போடு பின்னறைக்குப் போனாள். இஸ்திரி போட்ட சட்டை, காலில் ஷூ.

“கேமராவுல இடுப்புக்கு மேலதானே தெரியும்? ஷூ எதுக்கு?” என்று அப்போதே கேலி செய்தான்.

இப்போது பின்னறையில் லேப்டாப் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் அழவில்லை.

“போனைக் கொடுங்கன்னேன்.”

அதே ஹாலில் மாமியார் மகளோடு டி.வி.யில் வீடியோ பேசிக்கொண்டிருந்தார். நாத்தனாரின் முகம் சுவர் அகலத்துக்கு மலர்ந்திருந்தது.

“அம்மா, நீ கொஞ்சம் வாயை மூடு. அண்ணி என்னமோ கேக்குறாங்க” என்றது அந்த முகம்.

மாமியார் திரும்பினார். “என்னம்மா இது, அவன் மேல சந்தேகமா? என் பையன் அப்படிப்பட்டவன் இல்ல.”

“யாருண்ணா அவ?” என்றது டி.வி.

“நீ சும்மா கிடடி” என்று மகளை அதட்டினார் மாமியார்.

இது வேறொருத்தியைப் பற்றிய சந்தேகம் என்றதும் அவன் முகம் தெளிந்தது. தோளைத் தளர்த்திக்கொண்டு சிரித்தான்.

“ஓ, அதுவா விஷயம்? டாப்பருக்குப் பொறாமையா?” பூட்டைத் திறந்து போனை அவனே அவள் கையில் வைத்தான். “எல்லா மெசேஜையும் பாரு. ஒருத்தி இருந்தாக் காட்டு.”

அவள் மெசேஜ் பக்கமே போகவில்லை. நெட் பெட்டியின் ஆப்பைத் திறந்தாள். டி.வி., பல்பு, வாசல் மணி எல்லாவற்றுக்கும் பச்சைப் புள்ளி. அவள் லேப்டாப்புக்கு மட்டும் சிவப்பு. பக்கத்தில், ‘நிறுத்தப்பட்டுள்ளது.’

போனை அவன் பக்கம் திருப்பினாள்.

“டி.வி.க்கு நெட் இருக்கு. பல்புக்கு இருக்கு. வாசல் மணிக்குக்கூட இருக்கு. எனக்கு மட்டும் இல்ல.”

டி.வி.யில் நாத்தனாரின் முகம் உறைந்துபோனது. நெட் நின்றதால் அல்ல.

“தெரியாம கை பட்டிருக்கும்...”

“மூணு தடவையுமா?”

அவன் தரையைப் பார்த்தான். பேசியபோது குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. “உனக்கு வரப்போறது என் மேனேஜர் அளவுக்குப் பெரிய வேலை. நாலு வருஷம் காலேஜ்ல உன் பேருக்குக் கீழயே என் பேரைப் பாத்தாச்சு. வீட்டுலயாவது...”

மாமியார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு ஒருத்தி இருந்திருந்தாலே தேவலைடா” என்றார்.

அவன் போனைப் பிடுங்கி அவசர அவசரமாக அழுத்தினான். சிவப்புப் புள்ளி பச்சையானது.

“இந்தா, விட்டுட்டேன். ஓடு, அவங்க இன்னும் லைன்ல காத்துட்டிருப்பாங்க. வேணும்னா நானே வந்து மன்னிப்புக் கேக்குறேன்.”

அவள் பின்னறைக்குப் போனாள். லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது பை தோளில் இருந்தது. சோபாவைத் தாண்டி நேராக வாசலுக்கு நடந்தாள்.

“எங்க போறே? அப்ப இன்டர்வியூ?”

கல்லூரியில் டேய் என்று கூப்பிட்டவனை, மாமியார் சொன்னதற்காக நீங்க ஆக்கியிருந்தாள். வாசற்படியில் நின்று, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதை மாற்றினாள்.

“லைன்ல யாருமே இல்லடா. இன்டர்வியூ போன வாரமே என் சிநேகிதி வீட்டுல முடிஞ்சுடுச்சு. இன்னைக்கு வேலையில சேர்றேன்.”