ஞாயிறு, பத்தரை மணி

யாங்கோனின் யூத ஜெபாலய முற்றத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. கூடாரப் பண்டிகைக்காக மெனாஷே காலையில் கட்டிய மூங்கில் குடிலுக்குள் மட்டும் அது எட்டவில்லை. மழைக்குப் பயந்து கூரையில் தென்னங்கீற்றை மூன்றடுக்காகப் போட்டுவிட்டான். எபிரேயம் சொல்லித்தரும் மொசெல் டீச்சர் நாற்காலியில் ஏறி நின்று கீற்றுகளை உருவிக்கொண்டிருக்கிறாள். "உள்ள உக்காந்தா நட்சத்திரம் தெரியணும்டா. நீ என்ன, மாட்டுக்கொட்டகையா போட்டிருக்க?" "மழை வந்தா, டீச்சர்?" "நனைவோம்." உருவிய இடத்தில் ஒரு கை அகலத்துக்கு வானம் திறக்கிறது. போன வருஷம் அவன் மகள் லூனா ஒட்டிய வண்ணக் காகிதச் சங்கிலி அந்த வெளிச்சத்தில் லேசாக ஆடுகிறது. ஒரு வளையம் பசை விட்டுத் தொங்குகிறது. அதைத் திருப்பி ஒட்ட மெனாஷேவுக்குக் கை வரவில்லை.

சாக்பீஸையும் ஈரத் துணியையும் எடுத்துக்கொண்டு வாசல் பலகை முன்னால் உட்காருகிறான். வெள்ளி மாலை ஆறு மணி, வழிபாடு. சனி காலை ஒன்பது, வழிபாடு; முடிந்ததும் குடிலில் எல்லோருக்கும் சாப்பாடு. அடுத்த வரி பழக்கத்தில் போன வாரமும் எழுதியது, இன்னும் அழியாமல் இருக்கிறது: ஞாயிறு காலை பத்து, எபிரேய வகுப்பு. அந்த வகுப்புக்கு இருந்த ஒரே மாணவி லூனாதான். ஜூன் மாதம் அம்மாவோடு சிட்னிக்குப் போய்விட்டாள். ஈரத் துணி கையிலேயே இருக்கிறது.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை வகுப்பை அழிச்சிடவா?"

கீற்றுச் சத்தம் நின்றுபோகிறது.

"எதுக்கு அழிக்கணும்? இருக்கட்டும்."

"அதே பத்து மணிதானா?"

"பத்தரைன்னு மாத்து. உம் பொண்ணு என்னைக்குப் பத்துக்கு வந்திருக்கா?"