டைனோசரின் பின்கால்கள்

கீரி ஊர்ப் பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிக்கு மாக்கிறட்டும் தம்பி கிறகரியும் சேர்ந்து ஒரு டைனோசர். சாக்குத் தோலின் தலைப்பக்கத்தில் அவள் நுழைந்துகொண்டாள். பின்கால்களுக்குப் பொறுப்பு கிறகரி. மேடையை நோக்கி நாலடி வைப்பதற்குள் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய், ஏன்டா பின்னுக்கு இழுக்கிறாய்?"

பின்னாலிருந்து சப்புகிற சத்தம்தான் கேட்டது.

"எனக்கும் தராமல் என்னடா தின்னுறாய்?"

முதுகில் ஓர் இடி விழுந்தது.

"இடிக்கிறியா? ஒரு கிழமையா நான் தைச்ச தோலடா இது! குளிக்காமலே வந்தனி? என்ன நாத்தம்!"

அப்போது கிறகரி சனத்தை விலக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடி வந்தான்.

"அக்கா, ஒண்டுக்குப் போட்டு வாறன் எண்டு கத்தினனான்தானே! நான் வர முதல் ஆரை உள்ளுக்கு விட்டனீங்கள்?"

பள்ளிக்கூட அதிபர் பின்பக்கச் சாக்கைத் தூக்கினார். வைக்கோல் வாலில் பாதியைத் தின்று முடித்திருந்த தெருக் கழுதையொன்று தலை நிமிர்த்திக் கத்தியது.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முதல் பரிசும் டைனோசருக்கே கிடைத்தது.

"எனக்குப் பாதி!" என்று கை நீட்டினான் கிறகரி.

"நீர் நடிக்கேல்லையே தம்பி," என்றார் அதிபர்.