வரவேற்பறையில் ஒரு கூடாரம்

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து சுகந்தினி வீட்டுக்கு வந்தபோது வரவேற்பறையின் நடுவில் புதுக் கூடாரம் நின்றது. பதினைந்து வயது மகள் அபிரா சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தனியாகவே அதைப் பொருத்தியிருந்தாள். அடுத்த வாரப் பயணத்துக்கு ஒத்திகை. மெல்பேர்னிலிருந்து நாள் முழுக்கக் கார் ஓடினால் வரும் செம்மண் வெளி, அங்கே ஓர் ஆறு, மீன்பிடி. அம்மாவோடு எங்காவது போகவேண்டும் என்று மகள் தானாகக் கேட்டு வெகுகாலமாகிவிட்டதால், அலுப்பைக் காட்டாமல் சுகந்தினி சம்மதித்திருந்தாள்.

“காலமை வெள்ளனத் தூண்டில் போடலாம், அம்மா. நீங்கள் முந்தி டென்டிலை படுத்திருக்கிறீங்களோ?”

“ஓம். கன மாசம்.”

“எங்கை?”

“முகாமிலை. ஊரிலை சண்டை முடிஞ்ச பிறகு. சுத்திவர முள்ளுக்கம்பி.”

இதை அவள் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அபிரா குனிந்து கூடாரத்தின் கம்பியைக் கழற்றத் தொடங்கினாள்.

“மோட்டலிலை நிப்பம், அம்மா.”

“கழட்டாதை, பிள்ளை. ஒருக்கால் படுத்துப் பாப்பம்.”

சுகந்தினி வேலைக்குப் போட்ட சப்பாத்தோடேயே தவழ்ந்து உள்ளே போய்க் கால் நீட்டினாள். உடம்பெல்லாம் வலித்தது.

“சப்பாத்தைக் கழட்டுங்கோ.”

“இருக்கட்டும். அங்கை செருப்போடைதான் படுத்தனாங்கள். ஆமிக்காரங்கள் எந்த நேரமும் வந்து எழுப்புவாங்கள்.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அபிரா சப்பாத்துகள் கிடக்கும் வீட்டு வாசல் பக்கம் போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பக்கத்தில் படுத்தாள். மகளின் சப்பாத்து தன் காலில் முட்டுவது சுகந்தினிக்குத் தெரிந்தது.