விபூதிப் புதனில் விட்டது

"இந்த வருசம் ஈஸ்டரே வராம இருந்தா தேவலாம் சிஸ்டர்!"

ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்த லூர்து சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மாதா கோயில் மருந்தகத்தில் வந்து உட்கார்ந்து இப்படி ஒரு வரம் கேட்டவர்கள் யாரும் இல்லை.

"ஏம்மா பாக்கியமேரி, ஆண்டவர் உயிர்த்தா உனக்கென்ன கஷ்டம்?"

"அவரு உயிர்ப்பாருங்க. என் வூட்டுக்காரரு செத்துருவாரு."

சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த வூட்டுக்காரரோ வெளியே வேப்ப மரத்தடியில், காத்திருந்த நோயாளிகளையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவன். பேர்தான் வியாகுலம். விபூதிப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால், அந்தப் பங்கிலேயே அவனைப்போல் சந்தோஷமான ஆள் கிடையாது. போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாட்டில் எல்லோரும் முழங்காலில் நின்று விசும்பும்போது, இவன் பக்கத்து ஆள் காதில் எதையோ சொல்லிச் சிரித்து, கோயில் உபதேசியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"இப்ப சிரிக்கிறாரு. ஈஸ்டர் முடிஞ்சு இருவது நாள் போகட்டும், சுவத்தப் பாத்து மூலையில உக்காந்துருவாரு. பிள்ளைங்க கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டாரு. போன வருசம் கெணத்து மேட்டுல போயி நின்னாரு சிஸ்டர்! பக்கத்து வூட்டு மாரியப்பன் பாத்து இழுத்துட்டு வந்தாரு. மண்டி வேலைக்குப் போன எண்பத்தி மூணுலருந்து இதே கதைதான். விபூதிப் புதன் வந்தா தெளிவாரு, ஈஸ்டர் வந்தா கவுந்துருவாரு."

"வயிறு எப்படி?"

"அதுவும் அப்படித்தாங்க. வருசம் பூரா உப்புசம், பேதி. களியப் பாதியில ஒதுக்கி வச்சிருவாரு. இந்த நாப்பது நாள் மட்டும் கேட்டு வாங்கித் திங்கிறாரு."

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேளு மேரி. போன வருசம் ஒரு டாக்டர் எங்களுக்கு வகுப்பு எடுத்தாரு. சில பேருக்குக் கோதுமை ஒத்துக்காதாம். கோதுமை, ரவை, மைதா எல்லாம் ஒரே குடும்பம்தான். வயித்தக் கெடுக்கும். மனசையும் கெடுக்குமோன்னு வெளிநாட்டுல சந்தேகப்படுறாங்களாம். நிச்சயம்னு சொல்ல முடியாது, நிறுத்திப் பாத்தாதான் தெரியும். தவக்காலத்துல சப்பாத்தி, உப்புமா ஏதாவது நிறுத்துவீங்களா?"

பாக்கியமேரியின் முகத்தில் வந்த தெளிவு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"எங்க வூட்ல ஏதுங்க கோதுமை? காலையில கூழு, ராத்திரி ராகிக் களி. தவக்காலமானாலும் அதான், கிறிஸ்மஸ் மறுநாளானாலும் அதான்."

சிஸ்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாக்கியமேரி வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"காரணம் எனக்குத் தெரியுங்க. சொன்னா மானம் போயிடுமேன்னு அடக்கி வச்சிருக்கேன். ஒவ்வொரு விபூதிப் புதனும் நெத்தியில சாம்பலோட வந்து, 'ஆண்டவருக்காக ஒண்ண விட்டுட்டேன்'னுவாரு. எதன்னு கேட்டா, வெளிய சொன்னா பலன் போயிடும்பாரு. பொங்கல் கழிச்சு ஒரு நாள் நானே பஸ் ஏறிப் போயி, மறைஞ்சு நின்னு பாத்தேன். மண்டிக்குப் பின்னால ஒரு சந்து. வாசல்ல ஒருத்தி நின்னு, 'வாங்க, இன்னிக்கு ஏன் இவ்ளோ நேரம்?'னு கேக்குறா. உள்ள போனவரு அரை மணி கழிச்சு வாயத் தொடச்சிக்கிட்டு வர்றாரு. அவளத்தாங்க நாப்பது நாளைக்கு விடுறாரு. விட்டா பாவம் தொலைஞ்சு சிரிக்கிறாரு, திரும்பப் போனா பாவம் அழுத்துது."

சிஸ்டர் எழுந்தார். வாசலுக்குப் போய் வியாகுலத்தைக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், மனைவியின் கண்களைப் பார்த்ததும் அடங்கிப்போனான்.

"மண்டிக்குப் பின்னால ஒரு வூட்டுக்குப் போறீங்களாமே?"

அவன் தலை தொங்கியது. "தீர்த்தம்மா வூடுங்க. விபூதிப் புதன்லருந்து போகல சிஸ்டர்."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" பாக்கியமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஈஸ்டர் முடிஞ்சா மறுபடியும் போவீங்களா?"

"போகக் கூடாதுன்னுதாங்க வருசா வருசம் நெனைக்கிறேன். அந்தச் சந்துகிட்ட வந்தா காலு தானா திரும்பிக்குது. போயிட்டு வூட்டுக்கு வந்தா பிள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியல. பண்ற துரோகம்தான் மனசப் போட்டு அழுத்துதுன்னு எனக்கே தெரியுது."

"அப்படி என்ன துரோகம்? வாயத் தொறந்து சொல்லுங்க."

வியாகுலம் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வூட்ல எல்லாரும் களி திங்கறப்ப, நான் மட்டும் அந்தம்மா வூட்லயே வச்சிருக்கிற கடையில தினம் ஆறு பரோட்டா தின்னுட்டு வர்றேன் சிஸ்டர்."

"ஆறா!" என்று வாயைப் பிளந்த பாக்கியமேரி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஈஸ்டர் தாராளமா வரட்டுங்க சிஸ்டர்!"