ஏசி ஒத்துக்காத மேஜர்

"உங்களுக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்கா அங்கிள்?"

துப்பாக்கி கிளப் வாசலிலேயே மேஜரை மடக்கிவிட்டாள் பல் டாக்டரின் மகள்.

மேஜர் பட்டாளத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மீசைக்காக நண்பர் கொடுத்த பட்டம் அது. அந்த நண்பர்தான் பல் டாக்டர்.

"என்னம்மா, வந்ததும் வராததுமா?"

"உள்ளே புது ரேஞ்ச் கட்டியிருக்காங்க. ஏசி, நல்ல வெளிச்சம். சுட்டதும் மார்க் திரையிலேயே வந்துடுது. அதை விட்டுட்டு, அப்பாவை வாராவாரம் வெளி ரேஞ்சுக்கு இழுத்துட்டுப் போய் வெயில்ல வாட்டறீங்களே!"

"உள்ளே சுட்டா சத்தம் எதிரொலிச்சுக் காதைப் பிளக்குதும்மா."

"காதுல மூடி மாட்டிக்கிட்டுத்தானே சுடறீங்க?"

"ஏசி எனக்கு ஒத்துக்காது."

"வீட்ல ஏசியை அணைச்சா சண்டைக்கு வர்றீங்களாம். ஆன்ட்டி சொல்லிட்டாங்க."

மேஜர் மீசையைத் தடவினார். பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டுமே, அது அவரிடம் கிடையாது.

"கிளினிக்கை மூடினதுலேர்ந்து அப்பா வீட்டை விட்டு வர்றதே ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான். உங்க பிடிவாதத்தால அதுவும் நின்னு போச்சுன்னா, மனுஷன் படுத்துடுவார் அங்கிள்." அவள் குரல் கம்மியது.

"நின்னுடக் கூடாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேஜர் வெளி ரேஞ்சுக்கு நடையைக் கட்டினார்.

'கல்நெஞ்சக்காரர்' என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் பின்னால் போனாள்.

அங்கே பல் டாக்டர் வியர்வை சொட்டச் சொட்ட, மணல்மூட்டையில் ரைஃபிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மேஜர் முதலில் சுட்டார். குறி அட்டையின் ஓரத்தில் ஓட்டை விழுந்தது.

"சே, பாழாப்போன காத்து! குண்டையே தள்ளிட்டுப் போயிடுச்சு."

அடுத்து பல் டாக்டர். அட்டையிலேயே படவில்லை.

"எனக்கும் அதே கதைதான்டா. இந்தக் காத்துல எவன் சுடுவான்?" என்று சிரித்தபடி அடுத்த குண்டை எடுத்தார்.

மகள் அண்ணாந்து பார்த்தாள். காற்றைக் காட்டுவதற்காகக் கட்டியிருந்த கொடி, கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வேலியோரச் செடிகளில் ஓர் இலைகூட அசையவில்லை.

"காத்தா? இங்கே மூச்சு விடவே காத்தில்லையே!" என்று மேஜரிடம் சீறினாள்.

அவர் சட்டென்று அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"மெதுவாம்மா. உள் ரேஞ்ச் திறந்த அன்னிக்கு அங்கேதான் சுட்டோம். உங்கப்பன் சுட்டதுல ஒண்ணுகூடப் படலை. திரையையே பார்த்துட்டிருந்தான். அப்புறம் ரைஃபிளை வித்துடப் போறேன்னு எழுந்துட்டான். கை நடுங்குதுன்னுதானே கிளினிக்கையே மூடினான்? நாலு சுவருக்குள்ளே, கையைத் தவிர வேற எதைம்மா அவன் குத்தம் சொல்லுவான்?"

அவளுக்கு மேஜரின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"அங்கே என்ன ரகசியம்?" ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "தொப்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. காத்து தூக்கிட்டுப் போயிடப் போகுது!"